கைப்பேசிவழிக் கல்வி

கொரோனாப் பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டபோது, வகுப்புகள் திறன்பேசி வழியே தொடர்ந்தன. விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திண்டிவனம் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி போன்றவற்றில் பயிலும் சிற்றூர் மாணவர்க்குக் கருவியின் விலையோடு இணையச் செலவும் சுமையாயிற்று. அதனைக் குறைக்க, 2021 சனவரி முதல் ஏப்ரல் வரை நாள்தோறும் 2 ஜிபி தரவு பெறும் அட்டையை ஏறத்தாழ 9.69 லட்சம் மாணவர்க்கு விலையின்றி வழங்குவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நேரலை வகுப்புக்குத் தடையற்ற இணையம் தேவை. தரவிறக்கிய பாடத்தையோ இணையமின்றியும் பன்முறை கேட்கலாம். ஆகவே, செயலியைத் தெரிவு செய்யும் ஆசிரியர், வகுப்பின் கடைசி மாணவருக்கும் அது எட்டுமா என முதலில் எண்ணுதல் வேண்டும்.