மின்னஞ்சலும் கறுப்புப் பட்டியலும்

நம் கல்லூரி விடுதியினின்று வீட்டிற்குக் கடிதம் வரைவோர், உறையின்மீது முகவரியைச் செம்மையாய் எழுதித் தபாற்பெட்டியில் இட்டுவிட்டால், அஃது உரியவர் கையிற் சேரும் என்று கவலையற்றிருத்தல் இயல்பு. மின்னஞ்சலைப் பற்றியும் நாம் அவ்வாறே எண்ணுகின்றோம். ஆயின், முகவரி பிழையின்றி இருந்தும், செய்தி நேர்மையானதாய் இருந்தும், அனுப்பிய கணினியின் பெயர் கெட்டிருப்பின் அக்கடிதம் வாயிலிலேயே மறுக்கப்படும் என்பதை நம்முட் பலர் அறியார். அவ்வறியாமையால் நேரும் இழப்போ சிறிதன்று.

சென்ற ஆண்டு, திருவரங்கத்திலிருந்து நாடோறும் காவிரிப் பாலத்தைக் கடந்து கல்லூரிக்கு வரும் என் நண்பர் ஒருவர், கல்விப் பொருளுதவி வேண்டி ஓர் அறநிலையத்திற்கு விண்ணப்பித்திருந்தார். நேர்காணலுக்கு அழைக்கும் கடிதம் மின்னஞ்சலில் வரும் என்றனர். ஆடிப் பெருக்கும் வந்தது. அம்மா மண்டபப் படித்துறையில் கூட்டம் நிறைந்தது. கடிதம் மட்டும் வரவில்லை. நேரிற் சென்று வினவியபோது, அழைப்பு முன்னரே அனுப்பப்பட்டதென்றும், நேர்காணல் முடிந்து நான்கு நாளாயிற்றென்றும் கூறினர். அவர்கள் இவரை அசட்டையுடையவர் என்றனர். இவர் அவர்கள் கூற்றைப் பொய்யென்று கருதினார். கணினி இயல் பயிலும் மாணவர் ஒருவரை உடன்கொண்டு யாங்கள் மீண்டும் சென்று, அந்நிலையத்தாரின் இசைவோடு அவர்தம் அஞ்சற் பெட்டியை ஆராய்ந்தோம். அழைப்புத் திரும்பியதைத் தெரிவிக்கும் அறிக்கை ஒன்று, எவராலும் படிக்கப்படாமல் அங்கே கிடந்தது. 550 என்னும் எண்ணோடு தொடங்கிய அவ்வறிக்கை, அனுப்பிய ஐ.பி. முகவரி கறுப்புப் பட்டியலில் இருத்தலால் கடிதத்தை ஏற்கவில்லை என்னும் பொருளுடையதாய் இருந்தது. அப்பட்டியல் யாது? ஒரு முகவரி அதில் உண்டா இல்லையா என்று காண்பது எங்ஙனம்? இவற்றை விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

1978-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள், அமெரிக்காவில் கேரி துயர்க் என்னும் விற்பனையாளர், தம் கம்பெனியின் கணினிகளைப் பற்றிய விளம்பரத்தை அர்ப்பாநெட் என்னும் வலையில் இருந்த ஏறத்தாழ 400 பேர்க்கு ஒருங்கே அனுப்பினார். கேளாதவர்க்கு மொத்தமாய் அனுப்பப்பட்ட முதல் மின்னஞ்சல் இதுவே என்பர். தபால்தலைச் செலவு இன்மையின், பத்துப் பேர்க்கு அனுப்புவதும் பத்து லட்சம் பேர்க்கு அனுப்புவதும் ஏறக்குறைய ஒன்றேயாயிற்று. பின்னாளில் ஸ்பாம் எனப் பெயர்பெற்ற இவ்வேண்டா அஞ்சல் பெருகவே, அதனை அனுப்பும் கணினிகளின் எண்களைத் தொகுத்துப் பிறர்க்கு அறிவிக்கும் வழக்கம் எழுந்தது. 1997-இல் பால் விக்ஸி என்பார் இத்தகைய பட்டியலொன்றை நடத்தலானார். 1998-இல் ஸ்டீவ் லின்ஃபோர்டு என்பார் தொடங்கிய ஸ்பாம்ஹாஸ் என்னும் அமைப்பின் பட்டியல்கள் இன்று உலகெங்கும் வழங்குகின்றன. ஒரு மெயில் சர்வர் தன் வாயிலில் கடிதத்தோடு வந்து நிற்கும் மற்றொரு சர்வரின் எண்ணை இப்பட்டியலிற் பார்த்து, இருந்தால் கதவடைத்தலும் உண்டு.

இனி, பார்க்கும் முறையைக் கூறுவாம். முதற்கண் கடிதத்தை அனுப்பிய சர்வரின் ஐ.பி. எண்ணை அறிதல் வேண்டும். திரும்பி வந்த அறிக்கையிலேனும், சென்று சேர்ந்த ஒரு கடிதத்தின் மறைந்துள்ள தலைப்பு வரிகளிலேனும் அதனைக் காணலாம். நிறுவனத்தின் இணையதளத்திற்கு உரிய எண் வேறு, அஞ்சலை அனுப்பும் எண் வேறு ஆதலும் உண்டு. ஒன்றை மற்றொன்றாக மயங்கலாகாது.

எண் 192.0.2.25 என்று கொள்வோம். இதனைப் பட்டியலில் வினவும்போது 25.2.0.192 எனத் தலைகீழாக மாற்றி, அதன்பின் பட்டியலின் இணையப் பெயரைச் சேர்த்து, டி.என்.எஸ். என்னும் பெயரேட்டில் தேடுவர். தலைகீழாக்குவது ஏன்? நம் ஊர்த் தபாலையே உவமையாகக் கொண்டால் இது விளங்கும். திருவரங்கத்தின் அஞ்சற் குறியீட்டு எண் 620006. அதில் முதலில் நிற்கும் 6 தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய பெருவட்டத்தைக் குறிக்கும். இறுதி மூன்று இலக்கங்கள் குறிப்பிட்ட தபால் நிலையத்தைக் காட்டும். பெரியதிலிருந்து சிறியதற்குச் செல்வது எண்ணின் முறை. உறையின்மீதோ பெயர், வீட்டு எண், சித்திரை வீதி, திருவரங்கம், திருச்சிராப்பள்ளி என்று சிறியதிலிருந்து பெரியதற்குச் செல்கின்றோம். ஐ.பி. எண் முன்னதைப் போன்றது. இணையப் பெயர் பின்னதைப் போன்றது. எண்ணைப் பெயராக்கி வினவும்போது வரிசை மாறுவது இதனாலேயாம்.

"அப்பெயர் இல்லை" என்று விடை வருமாயின், எண் பட்டியலில் இல்லை என்பது பொருள். 127.0.0.2 போன்ற ஓர் எண் விடையாய் வந்தால், பட்டியலில் உண்டு என்பது பொருள். இறுதி இலக்கம் எவ்வகைக் குற்றச்சாட்டு என்பதைச் சுட்டும். கணினிகளில் உள்ள என்.எஸ்.லுக்கப் என்னும் கட்டளையால் இதனைச் செய்யலாம். அஃது அரிதெனத் தோன்றினால், பட்டியலாரின் இணையதளத்திலேயே எண்ணை உள்ளவாறு இட்டும் பார்க்கலாம். ஆண்டுத் தலைகீழாக்க வேண்டுவதில்லை.

ஈண்டு எச்சரிக்கை இரண்டு உள. ஸ்பாம்ஹாஸ் பட்டியலில் 127.255.255 என்று தொடங்கும் விடை வந்தால், அது நம்மைக் குற்றஞ்சாட்டுவதன்று. வினாவை அவ்வழியாக ஏற்கவில்லை என்பதே அதன் கருத்து. மேலும், சில பட்டியல்கள் காலப்போக்கில் மறைந்தொழிகின்றன. புகழ்பெற்றிருந்த சார்ப்ஸ் என்னும் பட்டியல் 2024 ஜூனில் நிறுத்தப்பட்டது. உயிரற்ற பட்டியலின் விடையை நம்பலாகாது. அதனை ஆராய ஓர் உரைகல் உண்டு: ஒழுங்காக இயங்கும் பட்டியலில் 127.0.0.2 என்பது எப்போதும் இருத்தல் வேண்டும், 127.0.0.1 என்பது ஒருபோதும் இருத்தலாகாது. 2010-இல் வெளியான இணைய விதித்தொகை இவ்வாறு கூறுகின்றது.

பட்டியலில் இருப்பதெல்லாம் குற்றமாகுமோ? ஆகாது. ஸ்பாம்ஹாஸ் பட்டியல்களுள் ஒன்று வேண்டா அஞ்சலைத் தொழிலாக உடையோரைக் குறிப்பது. ஒன்று நச்சுநிரலாற் பற்றப்பட்ட கணினிகளைக் குறிப்பது. மற்றொன்று வீட்டு இணைப்புகள் போல, நேரே அஞ்சல் அனுப்பவேண்டாத எண்களைக் குறிப்பது. இம்மூன்றாவதில் நம் வீட்டு எண் இருந்தால் அஃது இழிவன்று. அன்றியும், ஒரே சர்வரைப் பலர் வாடகைக்குக் கொள்ளுமிடத்து ஒருவன் செய்த தீங்கால் அனைவர் கடிதமும் தடைப்படும். ஒரு வீட்டின் பழி தெருவையே சூழ்வது போலாம்.

பெயர் கெடுதலின் வலிமைக்கு நம் நாட்டிலும் சான்றுண்டு. 2018 செப்டம்பர் 24-ஆம் நாள், சென்னையில் வளர்ந்த ஜோஹோ கம்பெனியின் இணையப் பெயரை, அதனைப் பதிவு செய்திருந்த அமெரிக்கக் கம்பெனி, ஏமாற்றஞ்சல் பற்றிய முறையீடுகளைக் காட்டி நிறுத்திவிட்டது. முறையீடுகள் மூன்றே என்றது ஜோஹோ. ஆயினும் அதன் அஞ்சலை நம்பியிருந்தோர் பலர் சில மணி நேரம் செயலற்றனர். இஃது ஐ.பி. பட்டியலால் நேர்ந்ததன்று, எனினும் சிலர் செய்த பிழையைப் பலர் சுமந்த வகையில் இரண்டும் ஒன்றே.

பட்டியலிற் கண்டால் செய்வது யாது? உடனே நீக்கக் கோருதல் அறிவுடைமையன்று. காரணத்தை ஒழித்த பின்னரே கோருதல் வேண்டும். நாங்கள் கண்ட அறநிலையத்தில், எழுத்தர் ஒருவரின் கடவுச்சொல் களவாடப்பட்டு, இரவெல்லாம் அவர் பெயரால் வேண்டா அஞ்சல் சென்றிருந்தது. கடவுச்சொல்லை மாற்றி, தங்கியிருந்த அஞ்சல்களை அழித்து, நிகழ்ந்ததை மறையாது எழுதிக் கோரியபின் எண் நீக்கப்பட்டது. ஸ்பாம்ஹாஸ் இதற்குப் பணம் கேட்பதில்லை. காரணத்தை ஒழியாது நீக்கம் பெற்றால், எண் மீண்டும் பட்டியலில் ஏறும்.

அறநிலையத்தார் தம் பிழையை உணர்ந்து வருந்தினர். ஆயினும் அவ்வாண்டிற்குரிய தொகை முன்னரே பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டது. என் நண்பர் இன்று மாலைதோறும் திருவரங்கத்தில் சிறுவர்க்குப் பாடஞ்சொல்லித் தம் கட்டணத்தைச் செலுத்தி வருகின்றார். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பது பழமொழி. கணினிகளின் ஊர்வாயோ காரணங் கேட்டால் எழுத்தில் சொல்லும்; கேட்பாரே இலர். ஆதலின் அன்பர்களே, திரும்பி வந்த அறிக்கையைப் படியாது விடாதீர். வரவேண்டிய கடிதம் வாராதொழியின், அனுப்பியவரைப் பழிக்குமுன் ஒருமுறை நேரிற் கேளுங்கள்.