யுத்தம் முடிந்த பிறகு வந்த சத்துரு

பீரங்கிக் குண்டுக்குத் தப்பி வீடு திரும்பிய வீரனைக் கண்டு, "கண்டம் தீர்ந்தது" என்று நாம் மகிழ்கிறோம். அமெரிக்கக் கடற்படை வீரர் பலருக்கோ, கண்டம் அவர்களுடைய மார்புக்குள்ளேயே குடிபுகுந்திருந்தது. அதன் பெயர் கல்நார். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் யாவருக்கும் விளங்கும்.

தீப்பற்றாத இப்பொருளை, இரண்டாவது உலக மகாயுத்தக் காலத்துக் கப்பல்களில் பாய்லர்களுக்கும் நீராவிக் குழாய்களுக்கும் போர்வையாகச் சுற்றியிருந்தார்கள். பழுது பார்க்கும் போதெல்லாம் நெருக்கமான அறைகளில் அதன் தூள் பறந்தது. மூச்சோடு உட்சென்ற நுண்ணிய இழைகள் நுரையீரலிலும் அதை மூடிய சவ்விலும் தங்கி, 20 முதல் 50 ஆண்டுகள் கழித்துக்கூடப் புற்றுநோயாக வெளிப்படும். புகைபிடிக்கும் பழக்கமும் சேர்ந்தால் நுரையீரல் புற்றின் அபாயம் பன்மடங்காகும்.

அதிகாரி, சிப்பாய் என்ற பேதம் இந்நோய்க்கு இல்லை. 1970 முதல் 1974 வரை அக்கடற்படைக்கே தலைமை வகித்த அட்மிரல் எல்மோ ஜும்வால்ட், 2000-ஆம் ஆண்டில் மீசோதெலியோமா என்னும் சவ்வுப் புற்றுநோயால் காலமானார். பெரும்பாலும் கல்நாரால் வருவது அந்நோய்.

1964-இல் டாக்டர் இர்விங் செலிகாஃப் குழுவினர், கல்நார் வேலை செய்த தொழிலாளரை ஆராய்ந்து இவ்வபாயத்தைப் பலரும் உணரச் செய்தனர். அதற்குள் யுத்தம் முடிந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன!

சேவையின்போதே கல்நார் தாக்கியதென்று நிரூபிக்கும் வீரருக்கு அந்நாட்டுச் சர்க்கார் உதவித்தொகை அளிக்கிறது. ஆனால் முதுமையில் மூச்சுத் திணறுகிறவர், இளமையில் பிடித்த குழாயை நினைப்பாரா? வைத்தியரிடம் இன்றைய உபாதையோடு, அன்று எந்தக் கப்பலில் என்ன வேலை செய்தார் என்பதையும் அவர் சொல்ல வேண்டும். அவர் மறந்தால், வீட்டார் நினைவூட்டுவது கடமை.