மடிக்கணினிக்கு ஒரு மாற்றுவழி

யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பெருநிலத்தோடு இணைக்கும் பெருவழிகள் இரண்டு. ஒன்று ஆனையிறவு வழியாகச் செல்வது; மற்றையது, 2011 ஆம் ஆண்டில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் பூநகரி வழியாகச் செல்வது. ஒன்று அடைபட்டால் மற்றையது உதவும். இரண்டும் கடலேரியை வெவ்வேறு இடங்களிற் கடக்கின்றன அல்லவா?

மடிக்கணினிக்கும் கம்பி இணைப்பு, கம்பியில்லா இணைப்பு என இரு வழிகள் உண்டு. எதனை முதலில் நாடுவது என்பதை ஓர் எண் தீர்மானிக்கின்றது. சிறிய எண்ணுக்கே முதலிடம். லினக்ஸ் கணினிகளில் உள்ள நெட்வேர்க் மனேஜர் வழமையாகக் கம்பிக்கு 100, கம்பியில்லா இணைப்புக்கு 600 என இடும். கம்பியைக் கழற்றியதும் 100 மறைய, 600 பணியை ஏற்கும்.

கம்பி செருகியபடியே இருக்க, வீதியில் இணைப்பு அறுந்தால்? ரவுட்டர் வரை தொடர்பு நன்றாயிருப்பதால் கணினி ஏமாந்துவிடும். இணையம் எட்டுகின்றதா என்று இடையிடையே சோதிக்கும் வசதி இயங்கினால் மட்டுமே, கம்பியின் எண்ணோடு 20000 கூட்டி அதனைப் பின்தள்ளும். அப்பொழுதும், கம்பியில்லா அலை அதே ரவுட்டரிலிருந்து வருமாயின் பயன் என்ன? பெயருக்கு வழி இரண்டு, படலை ஒன்றே. வேறொரு நிறுவனத்தின் கோபுரத்தோடு பேசும் கைத்தொலைபேசியிலிருந்து அவ்வலையைப் பெறுவதே மெய்யான மாற்றுவழி.

வழி மாறும்போது கணினியின் இணைய முகவரியும் மாறும். கடல்கடந்த பிள்ளையோடு பேசிக்கொண்டிருக்கும் தாய் மீண்டும் அழைக்க நேரலாம்.

சோதித்துப் பார்ப்போர் கணினியின் கம்பியை மட்டும் கழற்றினாற் போதாது. வெளியிலிருந்து ரவுட்டருக்குள் வரும் இணைப்பையும் ஒருமுறை கழற்றிப் பார்த்தல் வேண்டும்.