சிபியு சும்மா இருக்கிறது, சர்வர் ஏன் இழுக்கிறது?

காலை பத்து மணி. பில் போடும் மென்பொருள் நகர மறுக்கிறது. சிபியு 15 சதவீதம்தான் ஓடுகிறது, மெமரியிலும் இடம் இருக்கிறது. அப்புறம் எங்கே அடைப்பு? முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்டோரேஜை.

நான்கைந்து சர்வர்களில் ஐம்பது மெய்நிகர் கணினிகள் (சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கி ஓட்டும் தனிக் கணினிகள்) இருக்கலாம். டிஸ்க் பெட்டி பெரும்பாலும் ஒன்றுதான். ஒருவர் பேக்கப் எடுத்தால் அடுத்தவருக்கு மூச்சு முட்டும்.

எதை அளப்பது? விநாடிக்கு எத்தனை வேலை முடிந்தது என்பதைவிட, ஒரு வேலை எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதைப் பாருங்கள். உங்கள் மெய்நிகர் கணினிகள் விஎம்வேர் மென்பொருளில் ஓடினால், சர்வருக்குள் நுழைந்து 'இஎஸ்எக்ஸ்டாப்' என்ற கருவியை ஓட்டி, 'யு' விசையை அழுத்துங்கள். மூன்று எண்களைத் தேடுங்கள்.

'டிஏவிஜி' என்பது கோரிக்கை சர்வரை விட்டுக் கிளம்பிப் பதில் வரும்வரை ஆன நேரம். 'கேஏவிஜி' என்பது சர்வருக்குள்ளேயே வரிசையில் நின்ற நேரம். இரண்டையும் கூட்டினால் 'ஜிஏவிஜி'. மெய்நிகர் கணினி உணரும் தாமதம் இதுதான்.

பிரித்துப் பார்ப்பதால் என்ன லாபம்? யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்துவிடும். டிஏவிஜி ஏறினால் கோளாறு டிஸ்க் பெட்டியில், அல்லது அதற்குப் போகும் வழியில். 'வி' விசையை அழுத்தினால் எந்த மெய்நிகர் கணினி டிஸ்க்கை அதிகம் அடிக்கிறது என்று பார்க்கலாம். பல நேரம் அது பட்டப்பகலில் ஓடும் பேக்கப்பாகவோ வைரஸ் சோதனையாகவோ இருக்கும். நேரத்தை மாற்றி வைத்தால் தீர்ந்தது. கேஏவிஜி பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும். 2 மில்லிசெகண்டுக்கு மேல் நிலைத்து நின்றால் சர்வரின் வரிசை நிரம்பி வழிகிறது என்று கொள்ளலாம். வரிசையை நீட்டிவிட்டால் போதுமா? அவசரப்படாதீர்கள். டிஸ்க் ஏற்கெனவே திணறினால், கூட்டம் இங்கிருந்து அங்கே இடம் மாறும், அவ்வளவே.

எவ்வளவு தாமதம் அதிகம்? டிஸ்க்கைப் பொறுத்தது. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்று முடிக்கவே 8.3 மில்லிசெகண்ட் ஆகும். அதில் 10 என்பது இயல்பு. எஸ்எஸ்டியில் அதே 10 வந்தால் ஏதோ சரியில்லை. ஆகவே, எல்லாம் நன்றாக ஓடும் ஒரு நாளில் உங்கள் எண்களைக் குறித்து வையுங்கள். யாரும் இதைச் செய்வதில்லை!

"நேற்று இழுத்தது, இன்று வரைபடத்தில் ஒன்றுமே இல்லையே?" நியாயமான குழப்பம். விசென்டர் (எல்லா சர்வர்களையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் மென்பொருள்) 20 விநாடிக்கு ஒரு முறை எடுக்கும் அளவுகளை ஒரு மணி நேரம்தான் வைத்திருக்கும். பிறகு 5 நிமிடச் சராசரியாகச் சுருக்கிவிடும். அந்த 5 நிமிடத்தின் 15 அளவுகளில் ஒன்று 300 மில்லிசெகண்ட், மற்றவை 2 என்றால் சராசரி சுமார் 22. மூன்று நாள் கழித்துப் பார்க்கிறவருக்கு 300 இருந்ததே தெரியாது.

அதனால் புகார் வரும் நேரம் தெரிந்தால், இஎஸ்எக்ஸ்டாப்பை முன்கூட்டியே 'பேட்ச்' முறையில் (அளவுகளைக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும் முறை) ஓட விடுங்கள். ஸ்டோரேஜ் நிறுவனத்தாரிடம் "மெதுவாக இருக்கிறது" என்று சொல்வதற்குப் பதில் நேரத்தையும் டிஏவிஜி எண்ணையும் நீட்டலாம்.