கராத்தேயா, களரியா... உங்கள் வீட்டு வாண்டுக்கு எது பொருத்தம்?

''அம்மா... நான் கராத்தே கிளாஸ் சேரப் போறேன்!''

ஸ்கூல் பையைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி உங்கள் வீட்டு வாண்டு இப்படி அறிவித்திருக்கிறதா? கூடவே சோபாவுக்கு ஓர் உதையும் விழுந்திருக்குமே! உடனே அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, ''அதெல்லாம் கை காலை உடைச்சுக்கிற சமாசாரம். போய்ப் படிக்கிற வழியைப் பாரு'' என்பார். கேட்பது பெண் குழந்தையாக இருந்தால் போச்சு... ''பொம்பளைப் புள்ளைக்கு எதுக்குடி இந்த அடிதடி?'' என்று பாட்டியும் சேர்ந்துகொள்வார். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது நீங்கள்தான்.

கொஞ்சம் பொறுங்கள். கராத்தே, குங்ஃபூ, ஜூடோ, டேக்வாண்டோ என்று எல்லாவற்றையும் நாம் ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம். ஆனால், ஒவ்வொன்றும் ஒவ்வொரு ரகம். ஒன்று குத்தும்; ஒன்று உதைக்கும்; ஒன்று தூக்கிப் போடும்; ஒன்று பாட்டுப் பாடிக்கொண்டே ஆடும்! எது எந்த உடம்புக்கு ஒத்துவரும் என்று தெரிந்துகொண்டால், ஃபீஸ் கட்டுவதற்கு முன்பே தெளிவாக முடிவெடுத்துவிடலாம். வாருங்கள், உலகத்தை ஒரு ரவுண்டு சுற்றிவிட்டு வரலாம்.

கராத்தே: வெறுங்கை வித்தை

கராத்தே என்றதும் ஜப்பான் என்போம். ஆனால், அது பிறந்தது ஒகினாவா தீவில். ரியூக்யூ என்ற தனி ராஜ்யமாக இருந்த காலத்திலேயே சீனாவோடு வியாபாரத் தொடர்பு வைத்திருந்த இடம் அது. உள்ளூர் அடிமுறையும் சீன வித்தையும் கலந்து உருவானதுதான் கராத்தே. கிச்சின் ஃபுனாகோஷி என்ற பள்ளி ஆசிரியர் 1922-ல் டோக்கியோவில் அதைச் செய்துகாட்ட, ஜப்பான் முழுக்கப் பரவியது. ஆரம்பத்தில் 'சீனக் கை' என்ற பொருள்படும்படி எழுதிக்கொண்டிருந்தார்கள். 1930-களில்தான் 'வெறும் கை' என்று எழுத்தை மாற்றினார்கள்.

பயிற்சியில் மூன்று பகுதிகள். அடிப்படை அசைவுகள் 'கிஹோன்'. எதிரி இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு, வரிசை மாறாமல் தனியாகச் செய்வது 'கதா'. ஜோடியாக மோதுவது 'குமிதே'. சின்னக் குழந்தைகளுக்கு முதல் இரண்டும் போதும். யாரும் யாரையும் தொடாமலே உடம்புக்கு நிதானம், மூளைக்கு ஞாபகப் பயிற்சி இரண்டும் கிடைத்துவிடும்.

அப்படியானால் ஓடு உடைப்பது, செங்கல் உடைப்பது? குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் மென்மையான வளர்ச்சித் தட்டு இருக்கிறது. அதில் அடிபட்டால் எலும்பின் வளர்ச்சியே பாதிக்கப்படலாம். ஆண்டு விழாவில் கிடைக்கும் கைதட்டலுக்காக அந்த ரிஸ்க் எதற்கு?

ஜூடோ: முதல் பாடம் விழுவது!

ஜிகோரோ கானோ சின்ன வயதில் நோஞ்சான். பெரிய பையன்களிடம் அடிவாங்கியே நொந்துபோனவர். பழைய ஜுஜுட்சு வித்தையைத் தேடிப்போய்க் கற்று, ஆபத்தான பிடிகளை விலக்கிவிட்டு, 1882-ல் டோக்கியோவில் ஒரு புத்தர் கோயிலில் பன்னிரண்டு பாய் விரித்த அறையில் தன் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் ஜூடோ. 'மென்மையான வழி' என்று அர்த்தம். எதிராளி தள்ளினால் எதிர்த்துத் தள்ளாமல், அவன் வேகத்தை வைத்தே அவனைக் கவிழ்ப்பதுதான் சூட்சுமம்.

இதில் முதல் பாடமே, அடிபடாமல் விழுவது. 'உகேமி' என்பார்கள். மோவாயை நெஞ்சோடு ஒட்டி, தலை தரையில் மோதாமல், கையால் பாயைத் தட்டி, அதிர்ச்சியை உடம்பு முழுக்கப் பரவவிட்டு விழ வேண்டும். சைக்கிளிலிருந்து சறுக்கும்போதும், ஈரமான பாத்ரூமில் வழுக்கும்போதும் கைகொடுக்கக்கூடிய பாடம் இது.

இந்தப் பாடத்தை அவசரமாக முடித்தால் என்ன ஆகும்? ஜப்பானே அதற்கு உதாரணம். 1983-லிருந்து சுமார் 30 ஆண்டுகளில் பள்ளிக்கூட ஜூடோவில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்திருக்கிறார்கள். பலருக்குத் தலையில் அடி. அதிலும் புதிதாகச் சேர்ந்த முதல் வருடப் பிள்ளைகள்தான் அதிகம். இந்தக் கணக்கு வெளியே வந்து பெற்றோர் குரல் கொடுத்த பிறகுதான் பயிற்சி முறை திருத்தப்பட்டது. ஜெயித்தே ஆக வேண்டும் என்ற வெறி குழந்தைகளிடம் வரக் கூடாது என்று, தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கான தேசியப் போட்டியையே 2022-ல் ஜப்பான் ஜூடோ சம்மேளனம் நிறுத்திவிட்டது. பிறந்த வீட்டிலேயே இவ்வளவு ஜாக்கிரதை என்றால், நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்?

டேக்வாண்டோ: காலே ஆயுதம்

கொரியாவின் கலை. 'டே' என்றால் கால், 'க்வோன்' என்றால் முஷ்டி, 'டோ' என்றால் வழி. இந்தப் பெயர் வைக்கப்பட்டது 1955-ல். 2000-ம் வருட சிட்னி ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டானது. தலை உயரத்துக்குச் சுழன்று உதைப்பதால் இடுப்பு, தொடைத் தசைகள் நன்றாக நெகிழும். ஆனால், வார்ம்-அப் இல்லாமல் காலைத் தூக்கினால் தொடையின் பின்தசை பிடித்துக்கொள்ளும், முழங்காலும் முனகும். போட்டியில் தலைக்கு உதைத்தால் கூடுதல் பாயின்ட். அதனால், மோதல் பயிற்சி எந்த வயதில் தொடங்கும் என்று மாஸ்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

குங்ஃபூவும் தாத்தா பாட்டியின் தாய்-சியும்

சீனாவின் ஹெனான் மாகாணத்தில் இருக்கும் ஷாவோலின் கோயில்தான் குங்ஃபூவுக்குப் புகழ் சேர்த்த இடம். காஞ்சிபுரத்திலிருந்து போன போதிதர்மர் அங்கே துறவிகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார் என்பது நமக்கெல்லாம் பெருமையான கதை. வரலாற்று ஆய்வாளர்கள் இதை ஐதீகமாகத்தான் பார்க்கிறார்கள். ஜென் பௌத்தத்தின் ஆதிகுருவாக அவரைச் சீனாவும் ஜப்பானும் கொண்டாடுவது மட்டும் நிஜம்.

குங்ஃபூ குடும்பத்தில் ஒரு சாந்த சொரூபியும் உண்டு. அதுதான் தாய்-சி. தண்ணீருக்குள் நடப்பதுபோல மெதுவாக, எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றி மாற்றிச் செய்வார்கள். சீனப் பூங்காக்களில் காலை வேளையில் தாத்தா பாட்டிகள் கூட்டமாகச் செய்வதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். தொடர்ந்து தாய்-சி செய்யும் முதியவர்கள் தடுக்கி விழுவது குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 65 வயதைத் தாண்டியவர்கள் வாரம் மூன்று நாளாவது உடம்பின் நிதானத்துக்கான பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிட்ட ஒரு பெரியவரைக் கவனித்த வீட்டுக்குத்தான் இதன் அருமை தெரியும். ஆக, பேரனுக்குக் கிளாஸ் தேடும்போது பாட்டிக்கும் ஒன்று தேடலாம்!

தாய்லாந்தும் பிரேசிலும்

தாய்லாந்தின் 'முய் தாய்' கலையை எட்டு உறுப்புகளின் கலை என்பார்கள். இரண்டு முஷ்டி, இரண்டு முழங்கை, இரண்டு முழங்கால், இரண்டு கால். மோதலுக்கு முன்னால் குருவை வணங்கி ஆடும் சடங்கைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். கொழுப்பைக் கரைக்க நினைக்கும் காலேஜ் பிள்ளைகளுக்கு, பையைக் குத்தி உதைக்கும் பயிற்சி அருமையானது. ஆனால், மேடைச் சண்டை வேறு விஷயம். 2018 நவம்பரில் அங்கே 13 வயதுச் சிறுவன் ஒருவன் போட்டியில் தலையில் அடிபட்டு இறந்தபோது, அந்த நாடே அதிர்ந்துபோனது.

பிரேசிலின் 'கபோயெரா' ஒரு கண்ணீர்க் கதை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களிடமிருந்து வளர்ந்த கலை. ஆட்டமும் பாட்டுமாக, ஒற்றைக் கம்பி வில் வாத்தியம் ஒலிக்க, வட்டத்துக்குள் சுழல்வார்கள். 1890-ம் வருடச் சட்டம் இதைக் குற்றமாக்கியது. அன்றைக்குக் கம்பி எண்ண வைத்த அதே கலையை 2014-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பாரம்பரியச் சொத்து என்று அறிவித்தது!

நம்ம ஊரில் இல்லாததா?

கேரளத்தின் களரி, தரையைத் தோண்டி அமைத்த 42 அடி நீள, 21 அடி அகலப் பள்ளத்தில் நடக்கும். முதலில் உடம்பை வளைக்கும் மெய்ப்பயிற்சி, பிறகு கம்பு, அதற்குப் பிறகுதான் வாள், கேடயம், உருமி. எண்ணெய் உழிச்சலும் வர்ம சிகிச்சையும் இந்தக் கலையோடு சேர்ந்தே வளர்ந்தவை. ''பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கு?'' என்று கேட்ட பாட்டிக்கு வடகரை மீனாட்சியம்மாவைக் காட்டுங்கள். ஏழு வயதில் களரியில் இறங்கியவர். எழுபது வயதுக்கு மேலும் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு வாள் வீசியவர். 2017-ல் பத்மஸ்ரீ வாங்கினார்.

நம் சிலம்பத்துக்குத் தேவை ஒரு கம்பும் கொஞ்சம் இடமும்தான். காலடி வரிசையும் வீச்சும் பழகப் பழக மணிக்கட்டு, தோள், கண் மூன்றும் ஒன்றாக வேலை செய்யும். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. பஞ்சாபின் கட்கா, மணிப்பூரின் தாங்-டா இரண்டும் இதேபோல ஆயுதம் ஏந்திய நம் நாட்டுக் கலைகளே.

எது யாருக்கு?

* ஐந்து முதல் எட்டு வயது வரை: விளையாட்டாகச் சொல்லித்தரும் சிலம்பம், கராத்தேயின் கதா, டேக்வாண்டோவின் அடிப்படை. மோதல் வேண்டாம்.

* கூச்ச சுபாவமுள்ள, ஒல்லியான பிள்ளைகள்: ஜூடோ. பலம் இல்லாதவரும் பலசாலியைச் சாய்க்கலாம் என்ற தைரியம் வரும். நல்ல பாய், பொறுமையான மாஸ்டர் இரண்டும் கட்டாயம்.

* டீன் ஏஜ்: ஆசைப்படும் எந்தக் கலையும். ஆனால், தலையைக் குறிவைக்கும் குத்தும் உதையும் பிள்ளைகளுக்குக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2016-ல் எச்சரித்திருக்கிறது.

* நாற்பதைத் தாண்டியவர்கள்: தாய்-சி, மெதுவான சிலம்பம். முழங்கால் வலி, பிரஷர் இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

* இதயக் கோளாறு, வலிப்பு உள்ள குழந்தைகள்: டாக்டர் சம்மதம் இல்லாமல் சேர்க்காதீர்கள். ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலர் பையில் இருக்கட்டும்; மாஸ்டருக்கும் தெரியட்டும்.

சேர்ப்பதற்கு முன்...

ஒருநாள் முழு வகுப்பையும் உட்கார்ந்து பாருங்கள். ''பேரன்ட்ஸ் உள்ளே வரக் கூடாது'' என்றால், அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். வார்ம்-அப் எத்தனை நிமிடம்? தூக்கிப் போடும் இடத்தில் பாய் இருக்கிறதா, வெறும் சிமென்ட் தரையா? ஒரு மாஸ்டருக்கு எத்தனை பிள்ளைகள்? தவறு செய்த பிள்ளையைத் திருத்துகிறாரா, அடிக்கிறாரா?

தலையில் அடிபட்டால் அன்றைக்கு விளையாட்டு அவ்வளவுதான். தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சில் தடுமாற்றம்... இதில் எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். 'ஹெல்மெட் போட்டிருந்தானே' என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அது மேல்காயத்தைத் தடுக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது.

பெல்ட் விஷயத்திலும் உஷார்! கறுப்பு பெல்ட் வழக்கத்தைக் கொண்டுவந்தவர் அதே கானோதான். முதல் நிலைக் கறுப்பு பெல்ட்டுக்கு ஜப்பானில் 'ஷோதான்' என்று பெயர். 'தொடக்கப் படி' என்று அர்த்தம். அத்தனை வருடம் உழைத்தவரையே 'இப்போதுதான் ஆரம்பம்' என்கிறார்கள். நாமோ ஆறு மாதத்தில் பிளாக் பெல்ட் என்ற போர்டைப் பார்த்து மயங்கலாமா?

கடைசியாக ஒன்று. மூன்று மாதம் கற்றுவிட்டதாலேயே உங்கள் மகள் கத்தி வைத்திருப்பவனை மடக்கிவிடுவாள் என்று நினைக்காதீர்கள். ''ஆபத்துன்னா சத்தம் போடு, ஓடு, ஆளுங்க இருக்கற இடத்துக்கு வந்துடு. பிடிச்சு நிறுத்தினா மட்டும்தான் கத்துக்கிட்டதை யூஸ் பண்ணு!'' என்று சொல்லி அனுப்புங்கள். நல்ல மாஸ்டரும் இதைத்தான் சொல்வார்.

இந்த சனிக்கிழமை சாயங்காலம், ஃபீஸ் எதுவும் கட்டாமல், வாண்டைக் கூட்டிக்கொண்டு பக்கத்துத் தெரு வகுப்பை எட்டிப் பார்த்துவிட்டு வாருங்களேன். பேப்பர் படிக்கும் அப்பாவையும் விட்டுவிடாதீர்கள். பாய் இருக்கிறதா என்று பார்க்கும் வேலையை அவரிடமே ஒப்படையுங்கள்!