காப்பி மூட்டைக்குக் கப்பற் கூலி குறைவது எவ்வாறு?

சேர்வராயன் மலையில் மாரமங்கலம் முதலிய கிராமங்களில் விளையும் அராபிக்கா காப்பியின் விலை நியூயார்க்குச் சந்தையை ஒட்டியே நிர்ணயமாகின்றது. அதினின்று பதனிடும் செலவு, லாரிக் கூலி, துறைமுகச் செலவு, கப்பற் கூலி யாவும் கழிந்து எஞ்சுவதே குடியானவர் கைக்கு வருவது. கப்பற் கூலியை அயல்நாட்டு வியாபாரியே செலுத்துவதாக ஒப்பந்தம் இருப்பினும், அவர் அதைக் கணக்கிட்டே விலை கூறுவார். ஆதலின் கடலையே காணாத மலைவாசிக்கும் இது சொந்தக் காரியமேயாம்.

முற்காலத்தில் மூட்டைகளைத் துறைமுகத் தொழிலாளர் சுமந்து கப்பலின் அடித்தட்டில் அடுக்கினர். 1956-ஆம் வருஷம் ஏப்ரலில் மால்கம் மக்லீன் என்னும் அமெரிக்கர் 58 பெட்டிகளை நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கப்பலேற்றினார். சில்லறைச் சரக்கை ஏற்ற டன்னுக்கு ஏறக்குறைய 6 டாலர் ஆன அக்காலத்தில், பெட்டி முறையில் 16 ஸென்ட்டே ஆயிற்று. இன்று காப்பி பெரும்பாலும் 20 அடிக் கண்டெய்னர் பெட்டியிலேயே செல்கின்றது.

இங்கேதான் அங்கத்தினர் கவனிக்கவேண்டிய விஷயம் உள்ளது. கூலி மூட்டைக்கன்று, பெட்டிக்கு. 60 கிலோ மூட்டைகள் 320 ஒரு பெட்டியில் அடங்கும். உதாரணத்திற்காகப் பெட்டிக் கூலி 1,20,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நிறைந்த பெட்டியில் மூட்டைக்கு 375 ரூபாய். பாதிப் பெட்டியில் 750 ரூபாய். ஓரிரண்டு ஏக்கர் உடையவரின் விளைச்சல் பெட்டியின் ஒரு மூலைக்கும் போதாது. பிறர் சரக்குடன் சேர்த்துச் சில்லறையாய் அனுப்பவும் வழியுண்டு. ஆனால் பெட்டியை நிரப்பவும் பிரிக்கவும் தனிச் செலவாகும். அன்றியும் காப்பி அயல் வாசனையை எளிதில் ஏற்கும். அருகே மிளகாயிருந்தால் நஷ்டமே. பல குடியானவர் சரக்கைச் சங்கம் ஒன்றுகூட்டி, பதனிடும் ஆலையிலேயே பெட்டியை நிரப்பி முத்திரையிடச் செய்யின், துறைமுகத்தில் இறக்கி ஏற்றும் கூலியும் மிச்சமாம். பீபெரியும் பிளாண்டேஷன் ஏ-யும் தனித்தனிக் குறியிட்ட மூட்டைகளில் ஒரே பெட்டியிற் செல்லத் தடையில்லை.

சில ஏற்றங்கள் சங்கத்தார் கையில் இல்லை. 2023-ஆம் வருஷக் கடைசியில் செங்கடலிற் கப்பல்கள் தாக்கப்பட்டபின், ஐரோப்பா செல்லும் கப்பல்கள் பல சூயஸ் கால்வாயை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. பிரயாணம் 10 முதல் 14 நாள் வரை நீண்டது, கூலியும் ஏறிற்று. தஸ்தாவேஜுகளில் பிழையிருந்து பெட்டி துறைமுகத்திலே தங்கினால் விழும் நாட்கூலியோ தவிர்க்கக்கூடியதே.

ஒன்றுகூட்டுவதில் ஒரு பயமும் உண்டு. பார்ச்மெண்ட் காப்பியில் ஈரம் நூற்றுக்கு 10 பங்குக்கு மேற்படலாகாது. அராபிக்கா செர்ரியில் 10½. ஈரம் மிகுந்தால், வெப்பத்தில் எழும் ஆவி இரவில் பெட்டியின் மேற்றகட்டிற் குளிர்ந்து சொட்டும். பூஞ்சை பிடித்த சரக்கிற்கு விலை குறையும், அல்லது திருப்பப்படும். ஒருவர் அவசரப்பட்டதால் முந்நூறு மூட்டைக்காரருக்கும் கேடாம். மலையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மூடுபனியில் காப்பி உலர்வது எளிதன்று. பொங்கற் செலவும் முன்னிற்கும். ஆகையால் ஈரம் அளக்கும் கருவி சங்கத்திலேயே இருத்தல் வேண்டும். சரக்கை ஒப்புக்கொள்ளுமுன் உடையவர் முன்னிலையில் அளந்து, அந்த எண்ணை ரசீதிலும் குறித்துக் கொடுத்தல் முறை.