தொழிலாளர் தொழிற்கட்சியைக் கைவிட்டது ஏன்?

ஒரு கட்சி தேர்தலில் தோற்பது வியப்பன்று. வெற்றியும் தோல்வியும் குடியாட்சியின் இயல்பு. ஆயின், எவர் பொருட்டு ஒரு கட்சி தோன்றிற்றோ அவரே அதனைக் கைவிடுவராயின், அதன் காரணத்தை ஆராய்தல் அரசியல் நூல் பயில்வார்க்கு மட்டுமன்றி நம்மனோர் யாவர்க்கும் பயனுடையதாகும். பிரிட்டனில் 2019-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் நிகழ்ந்த பொதுத் தேர்தலில் தொழிற்கட்சிக்கு நேர்ந்தது இத்தகைய இழப்பே. அன்று அக்கட்சி பெற்ற இடங்கள் 202. 1935-ஆம் ஆண்டிற்குப் பின் அது இத்துணைக் குறைவாகப் பெற்றதில்லை. 1922 முதல் அதன் கையை விட்டு நீங்காத லீ, டான் வாலி என்னும் தொகுதிகளும், டெனிஸ் ஸ்கின்னர் 1970 முதல் அங்கத்தினராயிருந்த போல்ஸோவரும், பிரதம மந்திரியாயிருந்த டோனி பிளேரின் பழைய தொகுதியாகிய செட்ஜ்பீல்டும் ஒரே இரவிற் கன்சர்வேடிவ் கட்சியின் வசமாயின. நிலக்கரிச் சுரங்கத்தாலும் ஆலைத் தொழிலாலும் வாழ்ந்த ஊர்களே இவற்றுட் பெரும்பாலன. இது நிகழ்ந்தவாறு யாங்ஙனம் என்பதை முறையே காண்போம்.

முதற்கண், அவ்வுறவு எவ்வாறு உண்டாயிற்று என்பதை அறிதல் வேண்டும். 1900-ல் தொழிற்சங்கங்களும் சமதருமச் சங்கங்கள் சிலவும் லண்டனிற் கூடித் தொழிலாளரைப் பார்லிமெண்டுக்கு அனுப்புதற்கென ஒரு குழுவை நிறுவின. அக்குழுவே 1906-ல் 29 இடங்களைப் பெற்றுத் தொழிற்கட்சி என்னும் பெயரைப் பூண்டது. அதன் தலைவருள் ஒருவரான கெய்ர் ஹார்டி இளமையிற் சுரங்கத்துள் உழைத்தவர். ஆர்தர் ஹெண்டர்ஸன் இரும்பு வார்த்தவர். மெதடிஸ்டு ஆலயங்களிற் பிரசங்கம் செய்தவர். சுரங்க ஊரிற் பிறந்தவன் ஒருவன் தந்தையோடு சுரங்கத்துள் இறங்கினான், சங்கத்திற் சேர்ந்தான், ஆலயத்திலோ சங்கக் கூட்டத்திலோ எழுந்து பேசப் பழகினான். தேர்தல் வந்தபோது தன் அயலான் எவர்க்கு வாக்களித்தானோ அவர்க்கே தானும் வாக்களித்தான். அவனுக்கு வாக்கு என்பது கருத்து மட்டுமன்று. குடும்பம், தொழில், ஊர் ஆகிய மூன்றோடும் பிணைந்த கடமை. 1945-ல் 393 இடங்களைப் பெற்ற அட்லியின் மந்திரி சபை, 1947-ற் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கிற்று. 1948-ல் யாவர்க்கும் இலவச வைத்தியம் அளிக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. கடமைக்குக் கைம்மாறும் கிடைத்தது.

இனி, இப்பிணைப்பு தளர்ந்தமைக்குக் காரணங்களை எடுத்துரைப்போம். முதலாவது, அதனைத் தாங்கிய தூண்கள் வீழ்ந்தன. 1913-ற் பத்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் பிரிட்டனின் சுரங்கங்களில் உழைத்தனர்; 1947-ல் அவர் தொகை ஏறத்தாழ 7 இலட்சம். 1984 மார்ச்சு முதல் ஓராண்டு நடந்த பெரிய வேலைநிறுத்தம் தோல்வியுற்றபின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. யார்க்ஷயரிலிருந்த கெல்லிங்லி என்னும் கடைசி ஆழ்சுரங்கம் 2015 டிசம்பரில் மூடப்பட்டது. 1979-ல் 130 இலட்சத்தைக் கடந்திருந்த தொழிற்சங்க அங்கத்தினர் தொகை, பின்னர் அதிற் பாதியளவிற்கு இறங்கிற்று. சுரங்கத்தோடு சங்கமும், சங்கத்தோடு கூட்டமும், கூட்டத்தோடு அயலாரிடை நிலவிய ஒருமைப்பாடும் மங்கின. இளைஞர் கல்வியும் வேலையும் நாடிப் பெருநகரங்களுக்குச் சென்றனர். முதியோர் ஊரிலே தங்கினர். எனவே வாக்காளர் மனம் மாறிற்று என்பது உண்மையிற் பாதியே. ஊரே மாறிற்று என்பது மற்றைப் பாதி.

இரண்டாவது, கட்சி அவர்களைத் தன் சொத்தென்று எண்ணி வாளாவிருந்தது. பிளேர் நடுத்தர வகுப்பாரையும் ஈர்க்கக் கருதி, பொதுவுடைமை பற்றிய கட்சியின் பழைய விதியை 1995-ல் மாற்றினார். 1997-ல் 418 இடங்கள் கிடைத்தன. அவர் அரசாங்கம் குறைந்தபட்சக் கூலியைச் சட்டமாக்கியதை நாம் மறத்தலாகாது. எனினும், பழைய தொழிலாளர்க்குப் போக்கிடம் வேறில்லை என்னும் துணிவு கட்சியினுள் வேரூன்றிற்று. போக்கிடம் இல்லாதவர் முதலிற் செய்வது யாது? வீட்டிலிருத்தலே. 1997-ல் நூற்றுக்கு 71 பேர் வாக்களித்த நாட்டில் 2001-ல் 59 பேரே வாக்களித்தனர். 1997-ல் 135 இலட்சமாயிருந்த தொழிற்கட்சி வாக்குகள், ஈராக் போருக்குப் பின் வந்த 2005-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஏறத்தாழ 95 இலட்சமாயின. இடங்கள் மிகுதியாயிருந்தமையால் இக்குறைவு கண்ணுக்குத் தோன்றவில்லை. சுவரைக் கறையான் உள்ளே அரிக்க, வெளியே வெள்ளையடித்து மகிழ்ந்தவாறு ஆயிற்று.

மூன்றாவது, கட்சியின் முகம் மாறிற்று. கைத்தொழில் செய்து உயர்ந்த அங்கத்தினர் வரவரக் குறைந்தனர். சர்வகலாசாலையினின்று கட்சி அலுவலகத்திற்கும், அங்கிருந்து பார்லிமெண்டுக்கும் சென்றோர் மிகுந்தனர். இவர் நல்லெண்ணம் இல்லாதவர் அல்லர். ஆயினும் ஊராரின் குறையைப் புள்ளிவிவரமாக அறிந்தனரேயன்றி அயலாராக அறிந்திலர். 2004-ல் ஐரோப்பிய ஒன்றியத்திற் புதிதாகச் சேர்ந்த கிழக்கு நாடுகளின் தொழிலாளர்க்குப் பிரிட்டன் உடனே வாயில் திறந்தது. அரசாங்கம் கணக்கிட்டதனினும் பன்மடங்கினர் வந்தனர். இது பற்றிக் கவலையுற்றோரின் பேச்சில் அச்சமும் இருந்தது, தப்பெண்ணமும் இருந்தது, கூலியும் வீடும் மருத்துவமும் பற்றிய நேரிய கேள்விகளும் இருந்தன. இவற்றைப் பிரித்தறிந்து விடை கூறாமல், எல்லாவற்றையும் அறியாமையென்று ஒதுக்கியது பெரும் பிழையாயிற்று.

நான்காவது, 2016 ஜூன் 23-ஆம் நாள் வந்த வாக்கெடுப்பு கட்சியை இரு கூறாக்கிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தினின்று விலகவேண்டும் என்றார் நூற்றுக்கு 51.9 பேர். தொழிற்கட்சிக்கு வாக்களித்தாருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் ஒன்றியத்திலேயே இருக்க விரும்பினர். ஆயினும் அக்கட்சியின் வசமிருந்த தொகுதிகளுட் பெரும்பாலன விலகவே விரும்பின. எப்பக்கம் திரும்பினும் ஒரு பகுதியாரை இழக்க நேரும் நிலை அது. 2017-ல் வாக்கெடுப்பின் முடிவை ஏற்பதாகக் கூறிய கட்சி 262 இடங்களைப் பெற்றது; 2019-ல் மறுவாக்கெடுப்பு நடத்துவதாகக் கூறிய அதே கட்சி 202 இடங்களாகச் சுருங்கிற்று.

அக்காலத் தலைவராகிய ஜெரமி கார்பினே தோல்விக்குக் காரணர் என்பாரும் உளர். 2019-ல் அவர்பால் மக்களுக்கு நம்பிக்கை குறைந்திருந்தது மெய்யே. ஆயினும் அவர் தலைமையிலேதான் 2017-ல் நூற்றுக்கு 40 வாக்குகள் கிடைத்தன. ஸ்காத்லாந்தில் 2010-ல் 41 இடங்களைப் பெற்றிருந்த கட்சி, அவர் தலைவராகு முன்னரே, 2015-ல் ஒன்றே ஒன்றாகக் குறைந்தது. பிரான்சிலோ, 2012-ற் குடியரசுத் தலைவர் பதவியை வென்ற சோஷலிஸ்டுக் கட்சி 2022-ல் நூற்றுக்கு இரண்டு வாக்குகளைக்கூடப் பெறவில்லை. ஆதலின் தலைவர் ஒருவர் மேற் பழி சுமத்துதல் எளிது. ஆனால் விளக்கம் ஆகாது.

இழந்ததை மீண்டும் பெறுதல் கூடுமோ? 2024-ல் தொழிற்கட்சி 411 இடங்களைப் பெற்று ஆட்சி எய்திற்று. மேற்கூறிய நான்கு ஊர்களும் அதனிடம் மீண்டன. ஆயின் அது பெற்ற வாக்குகள் ஏறத்தாழ 97 இலட்சமே. தோற்ற 2019-ற் பெற்றவற்றினும் குறைவு. எதிரிகள் பிளவுபட்டமையால் வந்த வெற்றி அது. அவ்வாண்டு ஜூலையிலேயே, முதியோர்க்குக் குளிர்காலத்தில் வழங்கிய எரிபொருள் உதவித்தொகையைப் பெரும்பாலோர்க்கு நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. 2025 ஜூனில் அம்முடிவைப் பெரிதும் மாற்றிக்கொண்டது. அதற்கு முன்பே, 2025 மே முதல் நாள் நடந்த ரன்கார்ன்-ஹெல்ஸ்பி இடைத்தேர்தலில், முந்திய ஆண்டு 14,000-த்திற்கு மேற்பட்ட வாக்கு வேறுபாட்டால் வென்ற தொகுதியை ரிபார்ம் கட்சியிடம் 6 வாக்குகளால் இழந்தது. இரவலாக வந்த வாக்கு இரவலாகவே திரும்பிற்று.

இவ்வரலாற்றில் நாம் காணும் ஒழுங்கு யாதெனில், பழைய வாக்காளர் ஒரே நாளிற் பகைவரிடம் செல்வதில்லை என்பதே. முதலில் வீட்டிலிருப்பர், அடுத்து, 2015-ல் 39 இலட்சத்தார் பிரிட்டிஷ் சுதந்தரக் கட்சியை நாடியவாறு, புதியதொரு கட்சியைச் சோதித்துப் பார்ப்பர், அதன் பின்னரே தந்தையர் வெறுத்த கட்சிக்கு வாக்களிப்பர். ஒவ்வொரு படியிலும் அவரைத் தடுத்துக் குறை கேட்டற்குக் காலம் இருந்தது, கேட்பார் இலராயினர்.

இதனால் இழந்தது கட்சி மட்டுமன்று. தம் பொருட்டுப் பேசுவார் எவர் என்று அறியாத ஊர்கள் சினத்தையே தம் குரலாகக் கொள்கின்றன. அச்சினத்தை விலைப்படுத்த வல்லார் எந்நாட்டிலும் உளர். கல்லூரியிற் பயிலும் நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. உழைப்பாளர் வீட்டிற் பிறந்து கல்வியால் உயர்ந்தோர், அவ்வீட்டு மொழியை மறந்த பின்னும் அவர்க்காகப் பேசும் உரிமை தமக்கு உண்டென்று எண்ணியதே அக்கட்சிக்கு வந்த கேட்டின் தொடக்கம். பட்டம் பெற்று வெளியேறும் நாம் எவர்க்காகப் பேச விரும்புகிறோமோ, அவர் சொல்வதை முதலிற் கேட்கக் கடவோம்.